ஒரே பெற்றோர், ஒரே தடுப்பூசி: எதிர்ப்பொருள் அளவு மட்டும் ஏன் வேறு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்களும் உங்கள் தங்கையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டீர்கள். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் உங்களுக்கு எதிர்ப்பொருள் அளவு 600க்கு மேல், தங்கைக்கோ பாதுகாப்புக்கான எல்லை என்று கொள்ளும் 10ஐக்கூடத் தொடவில்லை. "அவரவர் உடல்வாகு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் நீங்கள் படித்ததோ, ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளை உடல் மரபணுத் துண்டுகளைச் சீட்டுப்போலக் கலைத்துத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று. கலைப்பது தற்செயல் என்றால் அதில் பரம்பரைக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது என்றால் அதைப் பரிசோதித்துப் பார்க்க முடியுமா?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. எதிர்ப்பொருள் மரபணுக்களில் பிறவியிலேயே வரும் வேறுபாடு நோயெதிர்ப்பை மாற்றுமா என்பது ஒன்று. உங்கள் தங்கைக்கு நடந்தது அதனாலா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில்: மாற்றும், சில இடங்களில் பலமாகவே மாற்றும். இரண்டாவதற்கு: அநேகமாக இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இத்தனை நீளம். எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் ரத்த அணுக்களான பி செல்களின் மரபணுக்களை வரிசைப்படுத்தி வாசிப்பதே என் தொழில், பல ஆண்டுகளாக. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் அல்ல. கடைசியில் தங்கையைப் பற்றிச் சொல்லப்போவதை அந்த எல்லைக்குள் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கலைக்கும் வேலையை முதலில் சரியாகப் பார்த்துவிடலாம். ஓர் எதிர்ப்பொருளில் கனமான சங்கிலி இரண்டு, இலகுவான சங்கிலி இரண்டு. கனமான சங்கிலிக்கான மரபணுக்கள் 14ஆம் குரோமோசோமின் நுனியில், ஏறத்தாழ பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. அங்கே வேலை செய்யக்கூடிய துண்டுகள் மூன்று வகை: வி (V) துண்டுகள் சுமார் 40, டி (D) துண்டுகள் 23, ஜே (J) துண்டுகள் 6. எலும்பு மஜ்ஜையில் ஒரு பி செல் உருவாகும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, இடையில் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு, ஒட்டிக்கொள்கிறது. இலகுவான சங்கிலிக்கு 2ஆம், 22ஆம் குரோமோசோம்களில் தனித்தனித் தொகுப்புகள் உண்டு. அவற்றில் டி கிடையாது. வெறும் பெருக்கல் போட்டாலே பதினேழு லட்சம் சேர்க்கைகள் வரும். துண்டுகளை ஒட்டும் இடத்தில் செல் சில எழுத்துகளைக் கடித்துத் துப்பி, சிலவற்றைத் தன் போக்கில் செருகுகிறது. அதையும் சேர்த்தால் எண்ணிக்கை நம் உடலில் உள்ள பி செல்களையே மிஞ்சிப் போய்விடும். இப்படி ஒரு வெட்டி ஒட்டல் நடக்கிறது என்பதை 1976இல் ஹோசுமியும் டோனெகவாவும் காட்டினார்கள். டோனெகவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். படித்தவர் மனதில் "அப்படியானால் எல்லாரிடமும் எல்லாமும் உண்டு" என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. அங்கேதான் சறுக்கல்.

எதிர்ப்பொருளின் நுனியை ஒரு கை என்று வைத்துக்கொண்டால், கிருமியைத் தொடும் விரல்கள் ஆறு: கனமான சங்கிலியில் மூன்று, இலகுவானதில் மூன்று. இவற்றில் ஒவ்வொரு சங்கிலியின் மூன்றாவது விரல்தான் துண்டுகள் ஒட்டும் இடத்தில் முளைப்பது. தற்செயலின் விளையாட்டு முழுக்க அங்கேதான். முதல் இரண்டு விரல்களும் வி துண்டுக்குள்ளேயே எழுதப்பட்டு, பெற்றோரிடமிருந்து வந்தது வந்தபடி இருக்கும். அதாவது ஆறில் நான்கு விரல்கள் பரம்பரைச் சொத்து. பிற்பாடு, கிருமியைச் சந்தித்த பி செல் தன் மரபணுவில் எழுத்துப் பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்கி, நன்றாக ஒட்டுவதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அந்தத் திருத்தமும் ஏற்கெனவே ஓரளவு ஒட்டிய ஒன்றைத்தான் மெருகேற்றும். தொடக்கத்தில் தொடவே முடியாத செல்லுக்கு அந்த வாய்ப்பே வராது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு பி செல் தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமை அல்லது தாயிடமிருந்து வந்ததை, இரண்டில் ஒன்றைத்தான் எதிர்ப்பொருளுக்குப் பயன்படுத்துகிறது. வி, டி, ஜே மூன்றும் வழக்கமாக அதே குரோமோசோமிலிருந்தே எடுக்கப்படும். எனவே உங்கள் உடலில் இரண்டு சீட்டுக்கட்டுகள் தனித்தனியாக ஆடப்படுகின்றன. ஒரு கட்டில் இல்லாத சீட்டை மற்றக் கட்டிலிருந்து கடன் வாங்குவது மிக அரிது. உடன்பிறந்த இருவர் 14ஆம் குரோமோசோமின் இந்தப் பகுதியில் இரண்டு கட்டுகளும் ஒன்றாக அமையப்பெற வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒன்றுகூடப் பொதுவாக இல்லாமல் போகவும் அதே நான்கில் ஒன்று. 2ஆம், 22ஆம் குரோமோசோம்களையும் சேர்த்து மூன்று இடத்திலும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டுமென்றால் 64இல் ஒன்று. ஆக "ஒரே பெற்றோர்" என்பதால் எதிர்ப்பொருள் மரபணுவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை.

வழக்கமாக எழும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பரம்பரையாக வருவது கலைக்காத கட்டு மட்டும்தான். அம்மா தன் வாழ்நாளில் கலைத்துத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த எதிர்ப்பொருள்கள் மரபணு வழியாகக் குழந்தைக்குப் போவதில்லை. கருமுட்டையில் அந்த வெட்டி ஒட்டல் நடப்பதே இல்லை. நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் புரதமாகவே கொஞ்சம் போகும், சில மாதங்களில் கரைந்துவிடும்.

சரி, கட்டுகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகின்றன? எழுத்து மாற்றம் மட்டும் என்றால் பரவாயில்லை. முழு வி துண்டுகளே சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது, சிலரிடம் இரட்டிப்பாக இருக்கும். சிலருடைய குரோமோசோமில் அடுத்தடுத்த ஆறு டி துண்டுகள் ஒரேயடியாகக் காணாமல் போயிருக்கும். சில இடங்களில் ஒருவருக்கு 1-8, 3-9 என்ற இரட்டை இருக்கும். இன்னொருவருக்கு அதே இடத்தில் 5-10-1, 3-64டி என்ற வேறொரு இரட்டை உட்கார்ந்திருக்கும். (இந்த எண்கள் வி துண்டுகளின் பெயர்கள். பெயரிட்டவர்களை நாங்களும் திட்டுவதுண்டு.) இப்படிப்பட்டவர்கள் நோயாளிகள் அல்ல, நல்ல ஆரோக்கியமானவர்கள். இதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் "எனக்கு ஒரு மரபணு இல்லையாம்" என்று கேட்டதும் பலர் பதறிவிடுகிறார்கள்.

இந்த வேறுபாடு நடைமுறையில் எங்கே கடிக்கிறது என்பதற்கு நான் எப்போதும் முதலில் காட்டுவது 1-69 என்ற வி துண்டு. ஃப்ளூ வைரஸின் மேற்பரப்பில் காளான் வடிவப் புரதம் ஒன்று நிற்கும். அதன் தலை ஆண்டுக்காண்டு மாறும். தண்டு அவ்வளவாக மாறாது. தண்டைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் ஒரே சமயத்தில் பல வகை ஃப்ளூக்களை அடக்கக்கூடியவை. 2008, 2009 வாக்கில் இப்படிப்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தபோது, அவற்றில் வியப்பூட்டும் அளவுக்குப் பல 1-69இலிருந்தே வந்திருந்தன. தண்டும் எதிர்ப்பொருளும் ஒட்டியிருப்பதைப் படிகமாக்கி வடிவத்தைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. தண்டில் நீரை வெறுக்கும் சிறு குழி ஒன்று இருக்கிறது. 1-69இன் இரண்டாவது விரலின் நுனியில், 54ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற தட்டையான அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கும். அது அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கனமான சங்கிலி ஒன்றே பிடித்துவிடுகிறது, இலகுவான சங்கிலி தொடக்கூட வேண்டியதில்லை. இப்போது பரம்பரைக்கு வாருங்கள். 1-69இன் சில வடிவங்களில் 54ஆம் இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் லூசின் இருக்கிறது. இரண்டு குரோமோசோமிலும் லூசின் வடிவம் உள்ளவர்கள் உலகெங்கும் உண்டு, மக்களுக்கு மக்கள் விகிதம் மாறும். அவர்களிடம் இந்தக் குறிப்பிட்ட வழியில் தண்டைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உருவாவது அரிதாகிவிடுகிறது.

அவர்களுக்கு ஃப்ளூ அதிகம் வருமா? இங்கேதான் நிதானம் வேண்டும். தண்டைப் பிடிக்க 1-69 ஒன்றே வழி அல்ல. வேறு வி துண்டுகளிலிருந்தும் வருகின்றன. தலையைப் பிடிப்பவை தனி. லூசின் வடிவம் உள்ளவர்கள் ஃப்ளூவால் அதிகம் அவதிப்படுகிறார்கள் என்று நம்பகமாகக் காட்டிய சான்றை நான் பார்த்ததில்லை. மறுபக்கமும் உண்டு: நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயில் பெருகி நிற்கும் பி செல்களில் 1-69 அடிக்கடி தென்படுகிறது, அதுவும் பெரும்பாலும் இந்த ஃபினைல்அலனின் வகையே. எது "நல்ல" வடிவம் என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்.

இதைவிடத் தெளிவான சான்று எச்ஐவி தடுப்பூசி முயற்சியிலிருந்து வந்தது. விஆர்சி01 என்ற வகை எதிர்ப்பொருள்கள் பெரும்பாலான எச்ஐவி வகைகளை அடக்கக்கூடியவை. அவை எல்லாமே 1-2 என்ற ஒரே வி துண்டிலிருந்து பிறப்பவை. இந்த வகையை உருவாக்கும் பி செல்களைத் தூண்டிவிடுவதற்கென்றே ஒரு புரதத் துகளை வடிவமைத்து, மனிதர்களிடம் முதற்கட்டமாகச் சோதித்தார்கள். முடிவு 2022 இறுதியில் வெளியானது. தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேரிடம் எதிர்பார்த்த வகை பி செல்கள் கிளம்பின. முதற்கட்டச் சோதனையில் இது எங்கள் துறையில் கேள்விப்படாத வெற்றி. ஆனால் என்னைப் போன்றவர்கள் முதலில் தேடியது அந்த 36ஆவது ஆளைத்தான். அவருடைய 1-2 துண்டை வாசித்துப் பார்த்தபோது, இரண்டு குரோமோசோமிலும் தேவையான வடிவம் இல்லை. 50ஆம் இடத்தில் டிரிப்டோபேன் இருக்க வேண்டியதற்குப் பதில் ஆர்ஜினின். வைரஸைத் தொடும் முக்கியமான புள்ளிகளில் அது ஒன்று. எத்தனை தவணை போட்டாலும் அவருக்கு அந்தத் தடுப்பூசி அந்த வழியில் பலன் தர வாய்ப்பில்லை. எடுக்க வேண்டிய சீட்டு கட்டிலேயே இல்லை. மற்ற 35 பேரிலும் கட்டில் எந்த வடிவம் இருந்தது என்பதைப் பொறுத்து எதிர்வினையின் அளவு ஏறி இறங்கியது. ஒரு மரபணு வேறுபாடு ஒரு தடுப்பூசியின் பலனைத் தீர்மானித்ததற்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் வேறு எனக்குத் தெரியாது. ஒரே ஆள்தானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த ஒருவரைப் பற்றி வடிவமைப்பின் தர்க்கமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்பதுதான் அதன் பலம்.

கோவிட் காலத்திலும் இதேபோல் ஒன்று கண்டார்கள். குணமானவர்களிடமிருந்து எடுத்த சில எதிர்ப்பொருள்களில், பிறவியில் வந்த வி வடிவத்தை மட்டும் ஆய்வகத்தில் வேறு வடிவமாக மாற்றிப் பார்த்தார்கள். சில, வைரஸை அடக்கும் திறனையே இழந்துவிட்டன. சிலவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டாவது பகுதியைச் செய்திகள் விட்டுவிடும்.

இதுவரை சொன்னது புரதத்தின் எழுத்து மாறுவது. அதைத் தொடாமலேயே பரம்பரை வேறு விதமாகவும் விளையாடும். வி துண்டின் ஓரத்தில் "இங்கே வெட்டு" என்று சொல்லும் ஒரு குறி இருக்கும். அதில் எழுத்து மாறினால் அந்தச் சீட்டு கட்டில் இருந்தும் கைக்கு வராது. வட அமெரிக்காவின் நவஹோ மக்களிடம் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி வகைக் கிருமியின் தாக்குதல், தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கிருமியின் சர்க்கரை உறையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் பல, இலகுவான சங்கிலியின் ஏ2 என்ற ஒரு துண்டையே நம்பியிருந்தன. நவஹோ மக்களிடம் ஏ2வின் வெட்டுக்குறி பழுதான ஒரு வடிவம் இருப்பதை 1996இல் கண்டார்கள். அந்த வடிவம் ஒட்டப்படுவது குறைவு என்பதைச் செல்களில் சோதித்தும் காட்டினார்கள். இதில் உறுதியானது வெட்டுக்குறி பழுது. அதுதான் நோய் மிகுதிக்குக் காரணம் என்பது, கண்டுபிடித்தவர்களே "பங்கு இருக்கக்கூடும்" என்று எழுதிய அளவுக்குத்தான். நெரிசலான வீடு, மருத்துவ வசதியின் தூரம் போன்றவையும் அதே மக்களை அதே காலத்தில் அழுத்திக்கொண்டிருந்தன. இவற்றை மரபணுவிலிருந்து பிரித்தெடுப்பது லேசல்ல.

பாதுகாப்பு குறைவது மட்டும்தான் விளைவு என்றில்லை, எதிர்ப்பு தன் உடல் மேலேயே திரும்புவதும் உண்டு. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சிலருக்கு இதய வால்வுகள் கெடும். ஓசியானியாவின் எட்டு நாடுகளில் 2,852 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 4-61 என்ற வி துண்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் ஒரு பிரதி இருந்தால் இந்த இதய நோய்க்கான அபாயம் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று கண்டார்கள். எண்ணிக்கையளவில் இது வலுவான ஆய்வு. ஆனால் அந்த வடிவம் வால்வை எப்படிக் கெடுக்கிறது என்ற இடைப்பட்ட கதை இன்னும் முழுமையாகவில்லை. 1.4 மடங்கு என்பதையும் அதன் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும்: அந்த வடிவம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை.

கிருமியைத் தொடும் நுனியில் மட்டுமல்ல, எதிர்ப்பொருளின் வால்பகுதியிலும் வேறுபாடு உண்டு. சொல்லப்போனால் முதலில் கண்டுபிடித்ததே அதைத்தான். 1956இல் ஸ்வீடனின் ரூனே க்ரூப், மூட்டுவாத நோயாளிகளின் சீரத்தை வைத்துக்கொண்டு, மனிதர்களின் காமா குளோபுலின் (ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதத் தொகுதி) ஆளுக்கு ஆள் பரம்பரையாக வேறுபடுகிறது என்று காட்டினார். ரத்த வகைபோல ஜிஎம் வகைகள் என்று பெயர். மரபணுவை வாசிக்க யாருக்கும் தெரியாத காலம் அது. இன்றைக்கு அதில் சிலவற்றின் பொருள் தெரியும். உதாரணமாக ஐஜிஜி3 என்ற எதிர்ப்பொருள் வகை ரத்தத்தில் பொதுவாக ஒரு வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், மற்ற ஐஜிஜிகள் மூன்று வாரம் தாங்கும். காரணம் 435ஆம் இடத்தில் உள்ள ஆர்ஜினின். சிலருக்குப் பரம்பரையாகவே அங்கே ஹிஸ்டிடின் இருக்கும். அவர்களுடைய ஐஜிஜி3 நீண்டநாள் தங்குகிறது, நஞ்சுக்கொடியையும் எளிதாகக் கடந்து குழந்தைக்குப் போகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் இது பரவலாகப் பேசப்படவில்லை என்று கேட்டால், எங்கள் துறை இந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் சரியாக வாசிக்கவே இல்லை என்பதுதான் வெட்கமான பதில். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் துண்டுகள் வரிசையாக நிற்கும் இடம் இது. சிறு சிறு துணுக்குகளாக வாசிக்கும் கருவி, எந்தத் துணுக்கு எந்தத் துண்டுக்குச் சொந்தம் என்று தடுமாறும். கூடவே ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. பெரிய மரபணுத் தொகுப்புத் திட்டங்கள் பலவும் ஆட்களின் டிஎன்ஏவை ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வரிசைகளிலிருந்து எடுத்தன. அந்த வரிசைகள் எல்லாம் வைரஸால் வளரவைத்த பி செல்கள். பி செல் என்றால் ஏற்கெனவே வெட்டி எறிந்த செல்! நமக்கு வேண்டிய பகுதியில் ஒரு பெரும் கீற்றே அங்கே இருக்காது. எங்கள் ஆய்வகத்திலும் ஒருமுறை, "இவருக்கு இத்தனை வி துண்டுகள் இல்லை" என்று ஓர் அட்டவணை போட்டு வாரக்கணக்கில் பூரித்திருந்தோம். அந்த டிஎன்ஏ எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் உறைத்தது. அட்டவணை குப்பைக்குப் போனது.

இந்தப் பகுதியைச் சுத்தமாக ஒரே கட்டாக முதலில் வாசித்தது 2013இல். அதற்குப் பயன்பட்டது ஒரு வினோதமான திசு: முத்துப்பிள்ளை என்று சொல்வார்களே, குழந்தையாக உருவாகாத கரு. அதில் தந்தையின் டிஎன்ஏ மட்டும் இரட்டிப்பாக இருக்கும், ஆகவே இரண்டு கட்டுகள் கலந்து குழப்பாது. நீண்ட துணுக்குகளை வாசிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் பலரை ஒப்பிட முடிந்தது. 2023இல் 154 பேரிடம் அப்படிச் செய்த ஆய்வு, எந்த வி துண்டு எவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்பதையே பெரும்பாலான துண்டுகளில் பரம்பரை வேறுபாடு இழுத்துப் பிடிப்பதைக் காட்டியது. அச்சு அசல் இரட்டையர்களிடம் முன்பே கண்டதும் இதனோடு பொருந்துகிறது: வி துண்டுகளைப் பயன்படுத்தும் விகிதம் இருவருக்கும் நெருக்கமாக ஒத்துப்போகும், ஆனால் மூன்றாவது விரல்கள் பெரும்பாலும் வெவ்வேறு.

தினசரி வேலையில் இது எப்படிக் கண்ணில் படும் என்று ஒன்று சொல்கிறேன். ஒருவருடைய, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத பி செல்களை எடுத்து வாசிப்போம். மென்பொருள் ஒவ்வொரு வரிசையையும், இதுவரை தெரிந்த வடிவங்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, மாறிய எழுத்தைச் சிவப்பில் காட்டும். சந்திக்காத செல்களில் சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சில சமயம் ஒரே வி துண்டிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான வரிசைகளில், மூன்றாவது விரல் எல்லாம் வெவ்வேறாக இருந்தும், ஒரே இடத்தில் ஒரே எழுத்து சிவப்பாக நேர்க்கோடு போட்டதுபோல் நிற்கும். தனித்தனியாகப் பிறந்த செல்கள் அத்தனையும் ஒரே பிழையைச் செய்யாது. அது பிழையே அல்ல, அவர் பெற்றோரிடமிருந்து பெற்ற வடிவம்; தரவுத்தளத்துக்குத்தான் அது தெரியவில்லை. இந்தச் சிவப்புக் கோடு, தரவுத்தளத்தில் குறைவாக இடம்பெற்ற மக்களின் மாதிரிகளில் அதிகம் வரும். இப்படிப்பட்ட வடிவங்களைப் "பிழை" என்று எண்ணித் தள்ளிய பழைய ஆய்வுகளின் முடிவுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

ஆக, எதை உறுதியாகச் சொல்லலாம்? கட்டுகள் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு எந்த எதிர்ப்பொருள் எவ்வளவு எளிதில் உருவாகும் என்பதை மாற்றுகிறது. ஒரே ஒரு வி துண்டையே நம்பி வடிவமைக்கும் தடுப்பூசியில் அது பலனையே தீர்மானிக்கலாம். எது உறுதியில்லை? சாதாரணத் தடுப்பூசியிலும் சாதாரணத் தொற்றிலும் இது ஒருவரை எவ்வளவு காப்பாற்றும் அல்லது கைவிடும் என்பது. முழுக் கிருமியின் மேல் பிடிக்க எத்தனையோ இடங்கள். ஒரு சீட்டு இல்லாவிட்டால் இன்னொன்று வேலையை முடித்துவிடும். "இவருடைய எதிர்ப்பொருள் மரபணு பலவீனம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் எவரையும் நான் நம்பமாட்டேன். கனமான சங்கிலியின் வால் மரபணு அடியோடு பழுதாகி, எதிர்ப்பொருளே உருவாகாத பிறவிக் குறைபாடு உண்டுதான். ஆனால் அது மிக அரிது, குழந்தைப் பருவத்திலேயே ஓயாத தொற்றுகளாகத் தெரிந்துவிடும். உங்கள் தங்கையின் கதை அதுவல்ல.

இப்போது தங்கை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு 10 என்ற எல்லையை எட்டும் எதிர்வினை வருவதில்லை. அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் அங்கே முதல் சந்தேகம் போவது எதிர்ப்பொருள் மரபணு மேல் அல்ல, 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்கள் மேல். கிருமியின் துணுக்கை, பி செல்களைத் தூண்டிவிடும் டி (T) செல்களுக்கு எடுத்துக் காட்டுபவை அவை. காட்டுவது சரியில்லை என்றால் டி செல் தூண்டாது; தூண்டாவிட்டால் பி செல்லிடம் எவ்வளவு நல்ல சீட்டு இருந்தும் பயன்படாது. எச்எல்ஏவின் சில வடிவங்கள் பலனில்லாதவர்களிடம் திரும்பத் திரும்ப அதிகமாகத் தெரிந்திருக்கின்றன. அதிலும் உடன்பிறந்தவர்கள் முழுக்க ஒத்திருக்க வாய்ப்பு அதே நான்கில் ஒன்றுதான்.

மரபணுவுக்கு முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. பரிசோதனை எப்போது எடுத்தது? கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதத்துக்குள் எடுத்தால்தான் "பலனில்லை" என்று பொருள். பல ஆண்டு கழித்து எடுத்த 10க்குக் கீழ் என்பது, ஏறி இறங்கியதாகவும் இருக்கலாம், அப்போது நினைவுச் செல்கள் காத்துக்கொண்டிருக்கும். ஊசி போட்டது தோளிலா இடுப்பிலா என்பதும் பாதிக்கும். இடுப்பில் போட்டால் பலன் குறைவு. புகைபிடித்தல், உடல் பருமன், வயது, சிறுநீரக நோய் எல்லாம் இந்தத் தடுப்பூசியின் பலனைக் குறைப்பவை. உங்களுடைய 600ஐயும் பெரிதாகக் கொண்டாட வேண்டாம். 10ஐத் தாண்டிவிட்டதா என்பதுதான் இங்கே கேள்வி.

பரிசோதித்துப் பார்க்கலாமா என்றால், எதிர்ப்பொருள் மரபணுக்களுக்கு ஆய்வுக்கு வெளியே பயனுள்ள பரிசோதனை இன்று கிடையாது. எச்சிலை அனுப்பினால் வம்சாவளி சொல்லும் சேவைகளின் சில்லுகள் இந்தப் பகுதியைச் சரிவர வாசிப்பதே இல்லை. அதை வைத்து யாராவது "எதிர்ப்பாற்றல் அறிக்கை" விற்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எச்எல்ஏவை வாசிக்கலாம், ஆனால் முடிவு எதுவானாலும் அடுத்து செய்யப்போவது ஒன்றுதான்: தடுப்பூசியை இன்னொரு சுற்று போட்டு, ஒன்று இரண்டு மாதத்தில் மறுபடி அளந்து பார்ப்பது. முதல் சுற்றில் எட்டாதவர்களில் கணிசமானோர் இரண்டாம் சுற்றில் எட்டிவிடுகிறார்கள். அதற்கும் எட்டாவிட்டால் எதிர்வினையைக் கூட்டும் வேறு துணைப்பொருள் சேர்த்த புதிய வகைத் தடுப்பூசிகள் இருக்கின்றன. கூடவே, அவருக்கு ஏற்கெனவே தெரியாமல் ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் வராததற்கு அதுவும் ஒரு காரணம், பலர் கேட்க மறந்துவிடும் காரணம்.